அடுத்தவர் டோனைக் காப்பியடித்தே உங்கள் டோனைப் பிடிப்பது எப்படி: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு முழு வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் வருகிற கேள்வி, "கில்மோர் மாதிரி சத்தம் வர எந்தப் பெடல் வாங்கணும்?" என்பதுதான். கில்மோருக்குப் பதில் ஹென்ட்ரிக்ஸ், வான் ஹேலன், ஸ்டீவி ரே வான் என்று பெயர் மாறும், கேள்வி மாறாது. கடனை உடனை வாங்கி அந்தப் பெடலை, அதாவது சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டியை, மாட்டினால் சத்தம் கொஞ்சம் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். அந்த ஏமாற்றத்தில் இருக்கும்போது வேறொருவர் வந்து "யாரையும் காப்பியடிக்காதே, உன் டோனை நீயே கண்டுபிடி" என்பார். டோன் என்றால் ஒருவருடைய சத்தத்தின் தனிக் குணம். அதை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டால் அவரிடமும் பதில் இருக்காது.

நான் சொல்வது இது. தாராளமாகக் காப்பியடியுங்கள், ஆனால் கருவிப் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அவர் கையையும் காதையும் காப்பியடியுங்கள். அதை ஒழுங்காகச் செய்தால், எந்த இடத்தில் உங்களால் அவர் மாதிரி வாசிக்க முடியவில்லை என்பது தெளிவாகத் தெரியவரும். உங்கள் டோன் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கு நல்ல சாட்சி ஹேங்க் மார்வின், தி ஷேடோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட். 1959-இல் கிளிஃப் ரிச்சர்ட் அவருக்காக அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், ஒரு வாக்ஸ் ஆம்ப் (ஒலிபெருக்கி), ஒரு எக்கோ கருவி, இவ்வளவுதான் அவருடைய சரக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டு பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பையன்களே கிட்டார் எடுத்தார்கள். அவர்களில் மூன்று பேர் பிரையன் மே, டேவிட் கில்மோர், மார்க் நாஃப்ளர். மூன்று பேருமே மார்வினின் பாதிப்பை வெளிப்படையாகச் சொன்னவர்கள். ஆனால் இன்றைக்கு இந்த மூவரில் யார் வாசித்தாலும் இரண்டு நோட்டுக்குள் ஆளைச் சொல்லிவிடலாம். மே 1963-இல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார், பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து கழுத்தைச் செதுக்கினார், தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். நாஃப்ளர் பிக்கையே தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலாலும் விரல்களாலும் தந்தியைக் கிள்ளுகிறார். கில்மோர் சத்தமான ஹைவாட் ஆம்ப், பிக் மஃப் என்ற உடைசல் பெடல், எக்கோ என்று போனார், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெண்டை (தந்தியைத் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) மெதுவாக ஏற்றி அங்கேயே நிறுத்தி வைக்கும் பொறுமை அவருடையது. மூவருக்கும் ஆசை ஒரே இடத்தில் பிறந்தது, கை வேறு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் உண்டு. எடி வான் ஹேலனின் கிட்டார், ஆம்ப் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வாசித்தபோதும் தன் சத்தம்தான் வந்தது என்று டெட் நுஜெண்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: பெடல் எல்லாவற்றையும் கழற்றுங்கள்

கிட்டார், ஒரு கேபிள், ஆம்ப். வேறு எதுவும் வேண்டாம். ஆம்பில் பேஸ், மிட், டிரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள், ரிவெர்பை (அறையின் எதிரொலி மாதிரி வருவது) முழுதாக நிறுத்துங்கள், சத்தத்தை உடைக்கும் கெயின் குமிழை, சத்தம் லேசாகக்கூட உடையாத அளவுக்குக் குறையுங்கள். ஆம்ப் இல்லாமல் மாடலர் (ஆம்ப் சத்தங்களைப் போலச் செய்யும் டிஜிட்டல் கருவி) அல்லது ஃபோன் ஆப் வைத்திருந்தால் அதில் இருக்கும் சாதாரண கிளீன் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபலங்களின் பெயர் போட்ட பிரீசெட் பக்கமே இப்போதைக்குப் போகவேண்டாம்.

தந்தி பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். சென்னை, கொழும்பு மாதிரி உப்புக்காற்று ஊர்களில் தந்தி சீக்கிரம் துருப்பிடித்து டிரெபிள் செத்துப்போகும், அந்த மந்தத்தைச் சரிசெய்ய ஆம்பில் டிரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கடைசியில் குறை எங்கே என்றே தெரியாது. வாசித்து முடித்ததும் ஒரு துணியால் தந்தியைத் துடைத்து வைத்தாலே ஆயுள் கூடும். இன்டனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), ஃப்ரெட் சத்தம் எல்லாம் ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

இந்த மொட்டைச் சத்தம் கேட்க நன்றாக இருக்காது. ஆனால் அதில் எதையும் மறைக்க முடியாது, நமக்கு வேண்டியதும் அதுதான்.

படி 2: ஒரே ஒரு நோட்டை வைத்து வலது கையை ஆராயுங்கள்

எல்லாரும் தாவிக் குதித்துப் போகிற படி இது. என் கணக்கில் டோனில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது, அதனால் இதில் நேரத்தைக் கொட்டலாம்.

இரண்டாவது தந்தியில் எட்டாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொள்ளுங்கள். பிக்கை ஃப்ரெட்போர்டு முடியும் இடத்துக்கு மேலேயே வைத்து ஒரு முறை அடியுங்கள். சத்தம் உருண்டையாக, புல்லாங்குழல் பக்கம் சாய்ந்த மாதிரி வரும். இப்போது பிக்கை நடுப் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கட்டை) மேல் கொண்டு வாருங்கள், அதே பலத்தில் அடியுங்கள். அப்புறம் பிரிட்ஜுக்கு இரண்டு விரல் அகலம் தள்ளி. சத்தம் மெலிந்து, கூர்மையாகி, கடைசியில் தகரம் மாதிரி ஆகும். தந்தியின் நடுப்பகுதியை நோக்கி நகர நகர அடிப்படைச் சுருதி பலமாக ஒலிக்கிறது, ஓரத்துக்குப் போகப் போக மேல் ஹார்மோனிக்குகள் கூடுகின்றன. ஒரு குமிழையும் தொடாமல் இவ்வளவு வித்தியாசம்.

அடுத்து கோணம். பிக்கைத் தந்திக்கு முழுக்க இணையாகப் பிடித்தால் 'டக்' என்று ஆரம்பிக்கும். கொஞ்சம் சாய்த்தால் ஓரம் உரசி, ஒரு கரகரப்பு சேரும். பிறகு பிக்கின் தடிமன்: 0.5 மில்லிமீட்டர் பிக் வளைந்து கொடுக்கும், கார்டு அடிக்க நன்றாக இருக்கும், தனி நோட்டில் பலம் குறையும். 1.5 மில்லிமீட்டர் வளையாது, அதனால் உங்கள் கையின் பலம் அப்படியே தந்திக்குப் போகும். வேறு வேறு தடிமனில் நாலைந்து பிக் வாங்கிப் பாருங்கள், இந்த வழிகாட்டியிலேயே குறைந்த செலவு அதுதான், பலன் அதிகம். பிறகு பிக் இல்லாமல் கட்டைவிரலின் சதையால் வாசித்துப் பாருங்கள். ஜெஃப் பெக் புகழின் உச்சத்துக்கு அப்புறம், 1980-களில், பிக்கை விட்டுவிட்டு விரலுக்கு மாறியவர். அதன் பிறகுதான் அவர் சத்தம் மனிதக் குரலுக்கு அவ்வளவு கிட்டே போனது என்பது என் எண்ணம்.

இடது கையில் முக்கியமானது வைப்ராட்டோ, அதாவது நோட்டை ஆட்டுவது. எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம், நோட்டு தொடங்கியதுமே ஆட்டுகிறீர்களா, கொஞ்சம் காத்திருந்து ஆட்டுகிறீர்களா? பி.பி. கிங்கின் வைப்ராட்டோ வேகமானது, குறுகலானது, மணிக்கட்டிலிருந்து வருவது. அதைச் செய்து பாருங்கள். பிறகு அதே நோட்டை மெதுவாக, அகலமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டில் ஏதோ ஒன்றை உங்கள் கை தானாகவே விரும்பும். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 3: ஒரு ஆள், நாலு பார்

பிடித்த கிட்டாரிஸ்ட் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு முழுப் பாட்டு வேண்டாம், நாலு பார் (நாலு தாள வட்டம்) நீளமுள்ள ஒரு வரி போதும். டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதியது) பார்க்காமல் காதால் எடுங்கள். முதலில் வாயால் பாடிப் பாருங்கள், நீட்டல் குறைத்தல் உட்பட. பாட முடியாத வரியைக் கையால் உயிரோடு வாசிக்க முடியாது. வீடியோ வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டால் பெண்டு எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது, நோட்டு தாளத்துக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா எல்லாம் வெளியே வந்துவிடும்.

பிறகு உங்கள் மொட்டை டோனிலேயே அந்த வரியை வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். அசலையும் பதிவையும் மாறி மாறிக் கேளுங்கள், இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்கவேண்டும், ஏனென்றால் சத்தமாக இருப்பதைத்தான் காது நல்லது என்று நம்பிவிடும். வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'கை' அல்லது 'கருவி' என்று குறியுங்கள். "அவர் பெண்டு சுருதியில் போய் நிற்கிறது, என்னுடையது கொஞ்சம் கீழே" என்றால் கை. "அவர் நோட்டு இழுத்துக்கொண்டே போகிறது, என்னுடையது செத்துவிடுகிறது" என்றால் பாதி கை, பாதி கருவி. "அவருக்கு எக்கோ இருக்கிறது" என்றால் கருவி. கை என்று எழுதியதெல்லாம் தீரும் வரை கருவிப் பக்கத்தைத் தொடாதீர்கள். தீர நாளாகும், பரவாயில்லை.

நன்றாகப் பயிற்சி செய்த பிறகும் ஒன்றிரண்டு தீராமல் நிற்கும். அங்கே நிதானமாக யோசியுங்கள். ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர், வலதுகைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தவர், அதனால் மெல்லிய தந்திகள் மேலே இருந்தன. மற்றவர்கள் மேல் நோக்கித் தள்ளும் பெண்டை அவர் தரையை நோக்கி இழுத்தார். ஸ்டீவி ரே வானுக்கு அவர்தான் பெரிய ஆதர்சம். ஆனால் வான் வலதுகைக்காரர், கிட்டாரை நேராகப் பிடித்தவர். அந்தப் பெண்டுகளைத் தன் பக்கத்திலிருந்து, 13-இல் தொடங்கும் (மெல்லிய தந்தியே 0.013 அங்குலம்) தடித்த தந்தியில், சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்துக்கொண்டு, முரட்டு பலத்தோடு தள்ளினார். ஆல்பர்ட் கிங்கின் சொற்கள் அப்படியே கேட்கின்றன, குரல் மட்டும் வானுடையது. உங்கள் தாளில் தீராமல் நிற்கும் வரிகளையும் இப்படித்தான் பார்க்கவேண்டும்: அவற்றில் எது சோம்பல், எது உங்கள் கையின் இயல்பு?

தந்தித் தடிமனைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. வானைப் பார்த்து 13 போட்டு விரலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். ஸிஸி டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7-இல் தொடங்கும் தந்தி போடுகிறார், எவ்வளவு கனமான சத்தம் அது! ஹென்ட்ரிக்ஸ் போட்டதும் 10-தான். உங்களுக்குப் பெண்டு சுருதியில் நிற்கும், கை வலிக்காது என்றால் அதுவே உங்கள் தடிமன்.

படி 4: அவர் யாரைக் கேட்டார் என்று பாருங்கள், பிறகு கிட்டாரை விட்டு வெளியே வாருங்கள்

வானைப் பிடித்தால் ஆல்பர்ட் கிங்குக்குப் போங்கள், கிளாப்டனைப் பிடித்தால் ஃப்ரெடி கிங்குக்குப் போங்கள். ஒரே ஆளைக் காப்பியடித்தால் நகல், அவருடைய மூலங்களையும் சேர்த்துப் படித்தால் அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்ற தேர்வு புரியும்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, கிட்டார் அல்லாத ஒன்றைக் கிட்டாரில் எடுப்பது. சாக்ஸபோன், ஆர்மோனிக்கா, பாடகரின் குரல், எதுவானாலும் சரி. நம் ஊர்க்காரர்களுக்கு நாகஸ்வரம் காதிலேயே இருக்கிறது. ஒரு நாகஸ்வர வரியின் கமகத்தைப் பெண்டாலும் சறுக்கலாலும் பிடிக்க முயலுங்கள், உங்கள் கைக்கு இதுவரை யாரும் கற்றுத் தராத அசைவுகள் வரும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். மாண்டலினில் வழக்கமாக இருக்கும் நான்கு ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு, எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். கர்னாடக சங்கீதத்தின் வளைவுகள் வேண்டும் என்று காது கேட்டது, கருவி அதற்கேற்ப மாறியது. வரிசை எப்போதும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

படி 5: கிட்டாரிலேயே இருக்கும் குமிழ்கள்

பெரும்பாலானோர் கிட்டாரின் வால்யூமையும் டோனையும் பத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆம்பை லேசாக உடையும் அளவுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, கிட்டாரின் வால்யூமை ஏழுக்கு இறக்குங்கள், கிளீன் கிடைக்கும். பத்துக்கு ஏற்றினால் சோலோ. ஃபஸ் ஃபேஸ் வகை முரட்டு உடைசல் பெடல்களில் இது இன்னும் அழகாக வேலை செய்யும், வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே மணி மாதிரி ஒரு கிளீன் சத்தம் வரும். ஆனால் கிட்டாருக்கும் அந்த ஃபஸ்ஸுக்கும் நடுவில் பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தும் சுற்று) உள்ள வேறு பெடல் இருந்தால் அந்த மாயம் போய்விடும், அதனால் ஃபஸ்ஸை வரிசையில் முதலில் வையுங்கள்.

பிக்கப் சுவிட்சும் அப்படித்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆரம்பத்தில் மூன்று நிலைகள்தான் இருந்தன. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் மாட்டி நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்த அந்த மெல்லிய சத்தத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். 1977-இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைப் பொருத்தத் தொடங்கியது.

அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவர். பிக்கப்பின் உயரம் பைசா செலவில்லாத பெரிய மாற்றம். ஸ்ட்ராட் வகையில், கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு தந்தியின் அடியிலிருந்து பிக்கப் காந்தம் வரை அளந்தால் தடித்த தந்திப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் சுமார் 1.6 என்று தொடங்கலாம். மேலே ஏற்றினால் சத்தம் கூடும், முரடாகும். ரொம்ப ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விகாரமாக ஆடும். கொஞ்சம் இறக்கினால் காற்றோட்டமான, திறந்த சத்தம். ஒவ்வொரு முறையும் கால் திருகு திருப்பி, வாசித்து, கேளுங்கள்.

படி 6: ஆம்ப், ஸ்பீக்கர், சத்த அளவு

ரெக்கார்டில் கேட்பதற்கும் அறையில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் பல வருஷம் அலைபவர்கள் இருக்கிறார்கள். ரெக்கார்டில் நீங்கள் கேட்பது ஆம்பை அல்ல, ஸ்பீக்கருக்கு ஒட்டி வைத்த ஒரு மைக்கை. அதோடு ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடதிலும் வலதிலும் வைப்பது ராக்கில் சர்வ சாதாரணம். ராண்டி ரோட்ஸ் சோலோக்களையே ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டித்து வாசித்துப் பதிவு செய்தவர். ஒற்றைக் கிட்டாரில் அந்தப் பருமனைத் தேடிக் கெயினை ஏற்றிக்கொண்டே போனால் கொசுக்கூட்டம்தான் கிடைக்கும். உங்களுக்குச் சரி என்று தோன்றும் இடத்திலிருந்து கெயினைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கையால் அழுத்தி வாசியுங்கள். பழைய பெரிய ராக் டோன்கள் பலவற்றில் கெயின் நாம் நினைப்பதைவிடக் குறைவு, ஆம்பின் சத்தம்தான் அதிகம். 1966-இல் கிளாப்டன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் செருகி, ஸ்டுடியோவுக்குள் மேடைச் சத்தத்தில் வாசித்ததால்தான் அந்தத் தடித்த உடைசல் கிடைத்தது.

நாம் அபார்ட்மெண்டில் இரவில் வாசிப்பவர்கள். குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸும் உச்ச டிரெபிளும் குறைவாகக் கேட்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் படுக்கையறையில் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, மிட்டைக் குழியாக்கி வைக்கும் செட்டிங் அங்கே அமிர்தமாக இருக்கும், பேண்டோடு சத்தமாக வாசித்தால் காணாமல் போகும். கல்யாண மண்டபத்து இரைச்சலில் யார் குரல் எடுபடுகிறது என்று கவனித்திருப்பீர்கள், நடுத்தர ஸ்தாயியில் அழுத்திப் பேசுபவர் குரல்தான். கிட்டாரும் அதே ஆள். வானின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் டியூப் ஸ்க்ரீமர் பெடல் 720 ஹெர்ட்ஸ் வட்டாரத்தைத்தான் தூக்கிக் கொடுக்கிறது. அதன் டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றி, ஏற்கெனவே லேசாக உடையும் ஆம்புக்கு முன்னால் வைப்பது நல்ல பழக்கம்.

மாடலர் வைத்திருந்தால் ஆம்ப் மாடல்களை மாற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு, கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) அல்லது ஐ.ஆர். (அந்தப் பெட்டி, மைக் சத்தத்தின் டிஜிட்டல் நகல்) பகுதியை மாற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரும் மைக் இருக்கும் இடமும் மாறினால் டோன் தலைகீழாக மாறும், பிக்கப்பை மாற்றினால்கூட அவ்வளவு மாறாது.

ஒரு எச்சரிக்கை. எடி வான் ஹேலன் வேரியாக் வைத்து மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தார் என்று படித்துவிட்டு யாரும் வீட்டில் அதைச் செய்யவேண்டாம். வால்வு ஆம்புக்குள் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கிறது.

படி 7: இப்போது பெடல், ஒவ்வொன்றாக

தாளில் 'கருவி' என்று எழுதி மீந்திருப்பதைப் பாருங்கள். வாங்கவேண்டியது அது மட்டுமே. வாங்கியதை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து எல்லாக் குமிழையும் எல்லா நிலையிலும் கேளுங்கள், அது செய்யக்கூடாத இடங்களிலும் சேர்த்து. டிலேயை (எக்கோ பெடல்) ஆம்ப் டிஸ்டார்ஷனுக்கு (உடைசலுக்கு) முன்னால் வைத்தால் கலங்கும், பின்னால் வைத்தால் தெளிவு. புத்தகம் கலங்கல் தப்பு என்று சொல்லும், உங்கள் பாட்டுக்கு அதுதான் வேண்டியிருக்கலாம். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்துத்தான் தனக்கு வேண்டிய சத்தத்தை எடுத்தார்.

படி 8: உங்கள் குறையை வெளியே எடுத்து வையுங்கள்

பிளாக் சபாத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தொழிற்சாலை எந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடதுகைக்காரர், ஃப்ரெட்டை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பின்னால் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971 வாக்கில் அந்த இறக்கம் ஒன்றரை டோன் வரை போனது. ஹெவி மெட்டலின் கனத்தில் பெரும்பங்கு அந்தக் கை சொன்ன நிபந்தனைகளிலிருந்து வந்தது.

உங்களுக்கு வேகம் வராதா? நீள நோட்டுக்காரராக இருங்கள், வைப்ராட்டோவில் உழையுங்கள். பிக் பிடிமானம் தடுமாறுகிறதா? விரலுக்கு மாறுங்கள். படி 2-இல் உங்கள் கை விரும்பிய வைப்ராட்டோவைக் குறித்து வைத்தீர்களே, படி 3-இல் தீராமல் நின்ற வரிகளும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை எப்போதும் செய்வீர்கள், எதை இனி செய்யவே மாட்டீர்கள் என்று சில வரிகள் எழுதுங்கள். நாலு பார் உங்கள் சொந்த வரி ஒன்றை அந்த விதிகளுக்குள் அமைத்து, மாதம் ஒரு முறை அதையே பதிவு செய்து சேர்த்து வையுங்கள்.

படி 9: பேண்டோடு

ஒரு நண்பரிடம் மூன்று பேர் வாசித்த துண்டுகளை, உங்களுடையதையும் சேர்த்து, பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். உங்களை அடையாளம் கண்டால் எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பெடலைச் சொல்லமாட்டார், "நீ கடைசி நோட்டை அப்படி இழுப்பாயே" என்பார்.

பிறகு ஒத்திகை அறை. ஆம்ப் தரையில் இருந்தால் சத்தம் உங்கள் முழங்காலுக்குப் போகும், முன்னால் நிற்பவர் காதுக்குக் கத்தி மாதிரி போகும், அதனால் ஆம்பை நாற்காலியில் ஏற்றுங்கள் அல்லது உங்கள் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பேஸைக் குறையுங்கள், அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸின் கிக்குக்கும் உரியது. தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி தோன்றும் அளவுக்கு மிட்டை ஏற்றுங்கள், டிரம்ஸ் தொடங்கியதும் அது சரியாக உட்கார்ந்துவிடும். ரிவெர்ப், டிலே இரண்டையும் வீட்டில் வைத்ததில் பாதி வையுங்கள். பிடித்த நிலையில் எல்லாக் குமிழையும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த அறையில் அங்கிருந்து தொடங்கி மறுபடி காதால் திருத்தலாம்.